கேன்டீன் சுவரில் பாண்டிச்செல்வி

வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலை. அதன் கேன்டீனில் கை கழுவும் இடத்துக்கு நேர் எதிரே ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். மேலே ‘இந்த மாதத் தவறு’ என்று எழுதியிருக்கும். தவறு செய்தவரின் போட்டோ, ஊழியர் எண், செய்த தவறு, மூன்றும் அதில் ஒரு மாதம் இருக்கும். சாம்பார்க் கையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தால் அந்த முகத்தில்தான் விழிக்க வேண்டும். போன ஆகஸ்டில் அந்த முகம் பாண்டிச்செல்வியுடையது. தவறு என்ற இடத்தில் ‘கவனக்குறைவு’ என்று ஒரே ஒரு சொல்.

அது பொய். அந்தக் கட்டடத்தில் கவனமாக இருந்த ஒரே ஆள் அவர்தான். அந்தப் பலகைக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

பாண்டியக்கா எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். ஒரகடத்துக்குப் பக்கத்தில், நெல் விளைந்த இடத்தில் மனை போட்டு எழும்பிய குடியிருப்பு எங்களுடையது. என் அம்மா சூசையம்மாள் மாடியில் மூன்று அறை கட்டி, கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது, என் பழைய அறையில் அவரும், அவரோடு அதே லைனில் வேலை செய்யும் காவேரியும் இருந்தார்கள். “நீ வருவேன்னு யாருக்குத் தெரியும்? அவங்கதான் ஒழுங்கா வாடகை குடுக்கிறாங்க” என்றார் அம்மா. நான் கூடத்தில் படுத்துக்கொண்டேன்.

பாண்டியக்காவுக்கு முப்பத்தொரு வயது. சங்கரன்கோவில் பக்கத்து ஊர். பிளஸ் டூ முடித்து, இருபத்திரண்டு வயதில் ஏஜென்சிக்காரன் அனுப்பிய வேனில் எட்டுப் பெண்களோடு வந்து இறங்கியவர். முதலில் ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் வேலை. பிறகு ஸ்ரீபெரும்புதூரில் போன் திரை துடைக்கும் வேலை. கடைசியில் இந்தத் தொழிற்சாலை, நெற்றியில் கட்டிக்கொள்ளும் டார்ச் லைட் செய்வது. ஒன்பது வருடத்தில் நான்கு கான்ட்ராக்டர். பதினோரு மாதம் முடிந்ததும் கணக்கை முடித்து, மறுவாரம் புது ஆளாகச் சேர்ப்பார்கள். ஒன்பது வருடம் வேலை தெரிந்த ஒரு பெண் வருடா வருடம் ‘புதியவர்களுக்கான பயிற்சி’யில் உட்கார்ந்து, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கேட்டுக்கொள்வாள்.

அவருக்கு எண்கள் மறக்காது. எங்கள் தெருவில் வந்து நிற்கும் பதினாலு கம்பெனி பஸ்களின் நம்பரும் தெரியும். நாளைக்கூட எண்ணால்தான் சொல்வார். “இன்னைக்கு நாலு ரெண்டு பிள்ள, சீக்கிரம் முடிஞ்சிரும்.” “நாளைக்கு மூணு ஆறு.” வந்த புதிதில் பஸ் நம்பர் என்று நினைத்தேன். அவர்தான் படியில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார்.

“லைட்டுக்குள்ள ஒரு சிப்பு இருக்கும். சார்ஜ் ஏத்துததும் போதும்னு நிறுத்துததும் அதுதான். ஆனா எந்த பேட்டரியை மாட்டிருக்கோம்னு அதுக்குத் தெரியாது, கண்ணா இருக்கு? பக்கத்துல ஒரு ரெசிஸ்டர் வச்சிருப்போம், எள்ளுல பாதி சைசு. கரன்ட் வந்ததும் சிப்பு அதைத்தான் மொதல்ல தொட்டுப் பாக்கும். சாதா லித்தியமா, நாலு புள்ளி ரெண்டு வோல்ட்டுல நிறுத்து. பாஸ்பேட்டா, மூணு புள்ளி ஆறுல நிறுத்து. ரெசிஸ்டர் என்ன சொல்லுதோ அதுதான் சிப்புக்கு வேதவாக்கு.”

“மாத்தி வெச்சுட்டா?”

“சாதா பேட்டரிக்கு மூணு ஆறு வச்சா அரைவயித்தோட கெடக்கும். லைட்டு சீக்கிரம் அமந்துபோவும், திட்டுவாக, அம்புட்டுதான். பாஸ்பேட்டுக்கு நாலு ரெண்டு வச்சா, வயிறு நெறஞ்ச பெறவும் வாயைப் பொளந்து ஊத்துத மாதிரி. வீங்கும்.”

இரண்டு மாடலுக்கும் ஒரே பச்சை போர்டு, ஒரே சிப். வித்தியாசம் அந்த அரை எள் மட்டும்தான். பாண்டியக்காவின் வேலை போர்டுகளைச் சோதிப்பது. அதற்கு ஒரு பெட்டி உண்டு, ஜிக் என்பார்கள். உள்ளே போர்டை வைத்து மூடினால் ஒன்பது நொடியில் பச்சையோ சிவப்போ காட்டும். வோல்ட் எண் திரையின் ஓரத்தில் எறும்பு மாதிரி ஊரும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. பார்க்க நேரமும் கிடையாது.

எது சரி என்று ஜிக்குக்கு யார் சொல்வது? ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு மாதிரி போர்டு வைத்திருப்பார்கள். மாடல் மாறும்போது டெக்னீஷியன் அதை ஜிக்கில் வைத்து ஒரு பட்டனை அழுத்துவார். இதுதான் சரி, இனி வருவதெல்லாம் இப்படி இருக்க வேண்டும் என்று ஜிக் கற்றுக்கொள்ளும். மாதிரி போர்டுகளில் ஒட்டும் ஸ்டிக்கர் சூட்டில் உரிந்து விழுந்துகொண்டே இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் பாண்டியக்கா ஒரு யோசனை சொன்னார்: நெயில் பாலிஷால் புள்ளி வையுங்கள். சாதாவுக்குச் சிவப்பு, பாஸ்பேட்டுக்கு ரோஸ். லைனில் நகத்தில் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பும் கம்பெனி, போர்டுக்குப் போட ஒப்புக்கொண்டது. ‘சிறந்த யோசனை’ என்று ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்து, அதை அவர் கையில் பிடித்தபடி போட்டோ எடுத்து மாட்டினார்கள்.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை பாண்டியக்கா மதிய ஷிப்டுக்குப் போனார். காலை ஷிப்டில் பாஸ்பேட் மாடல் தொடங்கியிருந்தது. உட்கார்ந்து முதல் போர்டை வைத்தார். பச்சை. ஓரத்து எண், 4.19.

அடுத்தது. பச்சை. 4.19.

இடப்பக்கம் கழிவு போடும் சிவப்புப் பெட்டியைப் பார்த்தார். நாற்பது போர்டு கிடந்தது. நாள் முழுக்க ஐந்துகூட விழாத பெட்டி அது. ஒன்றை எடுத்து ஜிக்கில் வைத்தார். சிவப்பு. 3.60.

பக்கத்து இருக்கையில் இருந்த காவேரியிடம், “இன்னைக்குக் காலையில என்னட்டி நடந்துச்சு?” என்று கேட்டார். காலை ஆட்கள் போகிறபோது சொல்லிச் சிரித்ததைக் காவேரி சொன்னாள். மாடல் மாற்றியதும் வரிசையாக நாற்பது போர்டு சிவப்பு. லைன் நின்றது. சூப்பர்வைசர் மோகன் ஓடி வந்து, மெஷினில் மாட்டும் ரெசிஸ்டர் சுருள்தான் தப்பு என்று கத்தி, சுருளை மாற்றச் சொன்னார். மாற்றியதும் எல்லாம் பச்சை. கை தட்டினார்களாம்.

பாண்டியக்காவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. சுருள் சரி, மாதிரி போர்டுதான் தப்பு. ஜிக் பொய்யைக் கற்றுக்கொண்டு நல்ல போர்டையெல்லாம் கெட்டது என்றது. ஜிக்கை யாரும் சந்தேகப்படவில்லை, அதற்கு ஏற்றாற்போல் போர்டைக் கெடுத்தார்கள்.

அவர் கையைத் தூக்கினார். மோகன் வந்தார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், பதினைந்து வருட லைன் அனுபவம்.

“இன்னாமா பாண்டி, இப்பதான் குந்தின, அதுக்குள்ள கை தூக்கிகினு கீறே?”

“சார், இது பாஸ்பேட் மாடல்லா? மூணு ஆறுல நிக்கணும். நாலு ரெண்டுக்குப் போவுது.”

“ஜிக்கு இன்னா காட்டுது?”

“பச்சைதான் சார். ஆனா…”

“பச்சைன்னா பச்சை. ஆனா கீனாலாம் இன்ஜினியர் பேசுவான். நீ இன்ஜினியரா? காலைல நாப்பது நிமிஷம் லைன் நின்னுகினு இருந்தது, எவன் பதில் சொல்றது? போடு, போடு.”

டெக்னீஷியன் மகாராஜாவிடம் போனார். டிப்ளமோ முடித்த பையன், தூத்துக்குடிப் பக்கம், வேலை நிரந்தரமாகும் கடிதம் அடுத்த மாதம் வரவேண்டியது. மீட்டர் வைத்து மாதிரி போர்டை அளந்து பார் என்றார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தணிக்கைக்கு முன்னால் அவன்தான் மங்கிப்போன புள்ளிகளைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தவன். துடைத்த பிறகு இரண்டு போர்டும் ஒன்றுபோல இருந்திருக்கும். மீட்டர் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

“நான் அளந்துதான்க்கா வச்சேன்” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

பாண்டியக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். “பெறவு என்ன செய்ய? ஆயிரத்து எழுநூறு போர்டு பிள்ள. ஒண்ணொண்ணையும் தப்புன்னு தெரிஞ்சே எடுத்து வச்சு, பச்சை வந்ததும் பாஸ் பெட்டியில போட்டேன். அதை யாருகிட்ட சொல்லி அழ?” இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. சட்டியில் கருகிய இடத்தை வரட் வரட்டென்று சுரண்டிக்கொண்டிருந்தார்.

காலை ஷிப்டு செய்ததையும் சேர்த்து மூவாயிரத்து நானூறு. போர்டுகள் லைட்டுகளாயின, பெட்டிகளில் ஏறின. சில லைட்டுகளை மட்டும் வெப்ப அறையில் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றிப் பார்ப்பார்கள். பாண்டியக்கா தினமும் சாப்பாட்டு நேரத்தில் பாதியை அங்கே நின்று கழித்தார். மூன்றாம் நாள் ஒரு லைட்டின் பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே தட்டையான பை போல இருக்கவேண்டிய பேட்டரி, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. மோகனிடம் கொண்டுபோனார். மோகன் கட்டைவிரலால் மூடியை அழுத்திப் பார்த்தார். அது திரும்ப எழுந்தது. மறுபடி அழுத்தினார்.

“மூடி பிட்டிங் சரியில்ல. பிளாஸ்டிக்காரனாண்ட சொல்றேன்.”

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த அந்த ஆள் முட்டாள் இல்லை. அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அழுத்தினார்.

மறுநாள் ஷிப்டு தொடங்கும் முன் நடக்கும் பத்து நிமிடக் கூட்டத்தில், தரக்கட்டுப்பாட்டு மேனேஜரும் வந்திருந்தபோது, பாண்டியக்கா நாற்பது பேருக்கு முன்னால் அந்த லைட்டைத் தூக்கிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் படித்தவர். அரை நிமிடத்தில் புரிந்துகொண்டார். அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

“நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா மாதிரி போர்டுல என் கையெழுத்து இருக்கு. அது தப்புன்னு எழுதினா, இந்த வருஷம் அனுப்பினது எல்லாத்தையும் வாங்குறவங்க கேள்வி கேப்பாங்க.”

“புள்ளியை மாத்துனது போன வெள்ளிக்கெழமதான சார்?”

“அதை நான் எப்படி நிரூபிப்பேன்? பேக் பண்ணின லாட்டைப் பிரிக்கணும்னா காரணம் எழுதணும். காரணம் இல்லாம பிரிக்க எனக்கு அதிகாரம் இல்ல. லாரி சனிக்கிழமை கிளம்புது.” ஒரு தாளை நகர்த்தினார். காரணம் என்ற கட்டத்தில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது: ஆபரேட்டர் கவனக்குறைவு. “புள்ளி வெக்கிற யோசனை உங்களோடதுதானே? பெரிசா ஒண்ணும் ஆகாது. ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான்.”

அதாவது: உன் பெயரைக் கொடு, லைட்டுகளைத் திறக்கிறோம். கொடுக்காவிட்டால் அவை போகட்டும்.

அன்று வியாழக்கிழமை. பாண்டியக்கா பஸ்ஸை விட்டு இறங்கி வந்து எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது நான் குதித்தேன். கையெழுத்துப் போடாதீங்க என்றேன். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாம், பத்திரிகைக்கு எழுதுகிறேன், எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று எதையெதையோ சொன்னேன்.

“எழுது. நாளைக்கு எழுதுவ, அடுத்த வாரம் வரும். லாரி சனிக்கெழம போயிரும்லா?”

“போகட்டும்க்கா. வீங்கின லைட்டு எல்லாம் திரும்பி வரட்டும். அப்ப தெரியும் அவனுங்களுக்கு.”

பாண்டியக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். “எங்கேருந்து திரும்பி வரும்? எங்க அம்மை விடியும் முன்ன பிச்சிப்பூ பறிக்கப் போவையில இதைத்தான் நெத்தியில கட்டுதா. மூணு தெருவுல எல்லா பொம்பளையும் கட்டுதா. பேட்டரிக்கும் நெத்திக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக்கு, அம்புட்டுதான். அந்த மூவாயிரத்து நானூறுல ஒண்ணு எங்க ஊருக்கு வராதுன்னே வையி. வேற ஒருத்தி கட்டத்தான செய்வா? அவ நெத்தி வெந்தாத்தான் ஒன் பத்திரிகையில போடுவானா?”

மலைப்பாதைகளில் நானும் அப்படி ஒன்றை நெற்றியில் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதைத் தவிர அதைப்பற்றி எதையும் யோசித்ததில்லை.

வெள்ளிக்கிழமை பாண்டியக்கா கையெழுத்துப் போட்டார். சும்மா போடவில்லை. முதல் பெட்டியின் சீலை என் கண் முன்னால் அறுங்கள் என்றார். அறுத்தார்கள். மாதிரி போர்டை மகாராஜா மீட்டர் வைத்து எல்லோருக்கும் முன்னால் அளக்கட்டும் என்றார். அளந்தான். மீட்டர் காட்டிய எண்ணை அவனையே வாய்விட்டுச் சொல்ல வைத்தார். மூன்றாவதாக, அந்த எண்ணைத் தாளில் எழுதவேண்டும் என்றார். “அதுக்கு பார்மட்ல இடம் இல்லம்மா” என்றார் மேனேஜர். உண்மைதான். அந்தத் தாளில் பெயருக்கு இடம் இருந்தது, உண்மைக்கு இடம் இல்லை.

மூவாயிரத்து நானூறு லைட்டையும் பிரித்தார்கள். உப்பியிருந்த பேட்டரிகளை ஒதுக்கினார்கள். மகாராஜா ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் வைத்து அரை எள்ளை எடுத்துவிட்டு வேறு அரை எள்ளை வைத்தான். பாண்டியக்கா ஒவ்வொன்றையும் சோதித்தார். பச்சையைப் பார்க்கவில்லை, ஓரத்து எண்ணைப் பார்த்தார். நான்கு நாள் பிடித்தது. இரண்டாம் நாள் மகாராஜா ஒரு கப் டீ கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தான். பாண்டியக்கா தொடவில்லை. ஆடை படிந்து அது அங்கேயே இருந்ததாகக் காவேரி சொன்னாள். “குடிச்சிருந்தா அத்தோட சரியாப் போச்சுன்னு நெனச்சிருப்பான். நெனைக்கப்புடாது” என்றார் பாண்டியக்கா.

ஆகஸ்டு முதல் தேதி அவர் படம் கேன்டீனுக்கு வந்தது. கம்பெனியிடம் அவருடைய போட்டோ ஒன்றுதான் இருந்தது, ஹாட்பாக்ஸோடு எடுத்தது. அதையே வெட்டி ஒட்டியிருந்தார்கள். ‘இந்த மாதத் தவறு’ என்ற தலைப்புக்குக் கீழே, பரிசு வாங்கிய சிரிப்பு. வெட்டியவன் சரியாக வெட்டவில்லை, ஓரத்தில் ஹாட்பாக்ஸின் கைப்பிடி தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, வாசலில் அவருடைய அடையாள அட்டை வேலை செய்யவில்லை. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். ஏஜென்சியில் கேள் என்றான் செக்யூரிட்டி. பெயர் நீக்கப்பட்டுவிட்டது என்றது ஏஜென்சி. எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர்களைக் கான்ட்ராக்டில் வைத்துக்கொள்வதில்லையாம், அது விதியாம். மேனேஜருக்கு இந்த விதி தெரியாமலா இருந்திருக்கும்? பதினாலு பஸ்ஸும் போன பிறகு பாண்டியக்கா வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தார். நான் அவரைவிட அதிகமாகக் கத்தினேன். அம்மா இரண்டு பேருக்கும் சோறு போட்டார்.

அந்த வாரக் கடைசியில் லைனில் கேக் வெட்டினார்கள். வாடிக்கையாளர் புகார் ஒன்றுகூட வராத ஜூலை என்று மோகனுக்குப் பாராட்டு. மகாராஜாவுக்குக் கடிதம் வந்துவிட்டது. காவேரி தன் பங்குக் கேக்கை வாங்கிக்கொண்டு கேன்டீனுக்கு நடந்தாள். கேக்கைக் கை கழுவும் தொட்டியில் போட்டாள். பலகையிலிருந்து போட்டோவை உரித்தாள்.

அன்று சாயங்காலம் வாசலில் ஒவ்வொருத்தி பையையும் கொட்டிப் பார்த்தார்கள். காவேரியின் கையில் இருந்தது பாண்டியக்காவின் அதே ஹாட்பாக்ஸ். செக்யூரிட்டி மூடியைத் திறந்தார். மேலே தயிர்சாதம்.

“இன்னாம்மா, சாயங்காலம் வரிக்கும் தின்னாம வெச்சுகினு கீறே?”

“கேக்கு தின்னேன்ணா, வயிறு நெறஞ்சிருச்சு” என்றாள் காவேரி.

சாதத்துக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பாண்டிச்செல்வி வெளியே வந்தார்.

மாடியில் காவேரி அதைத் துடைத்துக் கொடுத்தபோது பாண்டியக்கா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, “நல்லாத்தான்ட்டி இருக்கேன். ஹாட்பாக்ஸைத்தான் பாவிப்பய வெட்டிப்புட்டான்” என்றார். காவேரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது வேறு ஏஜென்சி வழியாக வேறு தொழிற்சாலைக்குப் போகிறார், கார் சீட்டுக்கு ஒயர் கட்டும் வேலை. அங்கேயும் புதியவர்களுக்கான பயிற்சியில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தார். அந்தப் போட்டோ அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

இதை எழுதி முடித்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். கம்பெனியின் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். காவேரி இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள், போடாதே என்றார். மகாராஜாவைப் பற்றி எழுதியதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அது இருக்கட்டும் என்றார். நான் கோபத்தில் எதையாவது அதிகமாக எழுதிவிட்டேனா என்றும் கேட்டேன்.

“கோவம் இருந்துட்டுப் போவட்டும். மூணு புள்ளி ஆறு, அது சரியா இருக்கான்னு மட்டும் இன்னொரு தடவ பாத்துக்க. அங்ஙன நாலு ரெண்டுன்னு எழுதித் தொலைச்சிராத” என்றார்.

பார்த்துவிட்டேன். சரியாக இருக்கிறது.